பழைய பேலர் முடிச்சுப் போடவில்லையா? முதலில் அவிழ்ந்த கயிற்றைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லையில் இருக்கிற மற்றவர்களுக்கும் புரியும். வைக்கோலை அமுக்கிச் சதுரக் கட்டாகக் கட்டுகிற, பதினைந்து வருடம் ஓடிய பேலரை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். வலது பக்கக் கயிற்றில் முடிச்சு ஒழுங்காக விழுகிறது, இடது பக்கம் நாலைந்து கட்டுக்கு ஒன்று அவிழ்ந்து வருகிறது, ஒற்றைக் கயிற்றில் வெளியே வந்த கட்டு வளைந்து வயலிலேயே கொட்டிப்போகிறது. வந்து பார்த்த மெக்கானிக் கண்ணில் பட்ட போல்ட்டை எல்லாம் இறுக்கினார், அப்படியும் சரியாகாததால் முடிச்சுப் போடுகிற பாகமான நாட்டரையே இடது பக்கம் புதிதாக மாற்றச் சொல்கிறார். சம்பா அறுவடைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, மாற்றலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பதினோரு சம்பா இந்த மாதிரி மெஷினோடு வயலில் கிடந்திருக்கிறேன், நாட்டர் முழுசாகப் போய் மாற்றியே ஆகவேண்டும் என்ற நிலையை இரண்டு முறைதான் பார்த்தேன். மற்ற எல்லாத் தடவையும் துரு, தூசி, கெட்ட கயிறு, தளர்ந்த ஒரு ஸ்பிரிங், இல்லாவிட்டால் நாட்டருக்குச் சம்பந்தமே இல்லாத வேறு இடம். உங்கள் மெஷினில் நாலு முடிச்சு சரியாக விழுந்து ஐந்தாவதுதான் தவறுகிறது. உள்ளே சக்கரத்தின் பல்லோ, சக்கரத்தைத் தண்டோடு பூட்டுகிற சாவியோ உடைந்திருந்தால் ஒரு முடிச்சுகூட விழாது. அப்படியென்றால் அந்த நாட்டருக்கு வேலை தெரிகிறது, ஏதோ ஒன்று அதை அவ்வப்போது தடுக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். டிராக்டர் எஞ்சினை நிறுத்தி, பேலரைச் சுற்றவைக்கிற டிராக்டர் தண்டு (பி.டி.ஓ.) விடுபட்டு, ஃபிளைவீல் தானாக ஓடி நின்று, சாவி உங்கள் சட்டைப் பையில் வந்த பிறகுதான் நாட்டர் பக்கம் கை போக வேண்டும். எஞ்சினை நிறுத்திய பிறகும் அந்தக் கனமான சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த வேகத்திலேயே ஊசி ஒரு முறை மேலே வந்துவிடலாம். நாட்டரில் கத்தி இருக்கிறது, அடியில் கையைக் குத்திக் கிழிக்கிற அளவுக்கு ஊசி இருக்கிறது. அவசரத்தில் விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

சரி, முடிச்சு எப்படி விழுகிறது என்று தெரியாமல் எதையும் திருகக் கூடாது, அதனால் அது முதலில். கயிற்றின் ஒரு முனை நாட்டரில் உள்ள சின்னத் தட்டின் வெட்டில் மாட்டி நிற்கும், அதை ஒரு ஸ்பிரிங் பிடி அழுத்திக்கொண்டிருக்கும். அங்கிருந்து கயிறு கட்டின் மேல் பக்கமாகப் பின்னால் போய், பின்பக்கம் இறங்கி, அடிவழியாக முன்னால் வந்து ஊசியின் கண்ணில் நுழைந்து, அப்புறம் கயிற்றுப் பெட்டிக்குப் போகிறது. வைக்கோல் சேரச் சேரக் கட்டு பின்னால் நகர்ந்து கயிற்றை இழுத்துக்கொள்ளும். கட்டு நகர நகரச் சுற்றி நீளத்தை அளக்கிற பல்சக்கரம் ஒன்று இருக்கிறது, நீளம் போதுமானதும் அது நாட்டரைத் தட்டிவிடும். ஊசி அடியிலிருந்து மேலே வந்து இரண்டாவது கயிற்றைத் தட்டில் வைக்கும். இப்போது இரண்டு கயிறும் பில்ஹூக்கின் மேல் சேர்ந்து கிடக்கின்றன. கிளி மூக்கு மாதிரி வளைந்த அந்த இரும்பைத்தான் பில்ஹூக் என்கிறோம், நான் மூக்கு என்றே சொல்லப்போகிறேன். அது ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணி போடும், சுற்றும்போது அதன் நாக்கு திறந்து இரண்டு கயிற்றையும் கவ்விக்கொள்ளும், கத்தி வெட்டும், துடைக்கும் கை வந்து கண்ணியை மூக்கிலிருந்து தள்ளிவிடும், நாக்கு கவ்வியிருக்கிற முனைகள் மேல் கண்ணி இறுகி முடிச்சாகும். ஊசி கீழே இறங்கும்போது அதன் கயிறு தட்டிலேயே நின்று அடுத்த கட்டுக்கு முதல் முனையாகிறது. இவ்வளவும் கண் இமைக்கிற நேரத்தில் நடக்கிறது, அதனால்தான் ஓடும்போது பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை அமெரிக்காவில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஜான் ஆப்பிள்பி 1870-களின் கடைசியில் கொண்டுவந்த கதிரைக் கயிற்றால் கட்டுகிற பைண்டர் மெஷினிலிருந்து வந்தது. அதற்கு முன் கதிரைக் கம்பியால் கட்டினார்கள், அறுந்த கம்பித் துண்டு தீவனத்தோடு மாட்டு வயிற்றுக்குள் போனது. ஜெர்மனியில் விவசாய மெஷின் செய்கிற கிளாஸ் (Claas) நிறுவனத்துக்கு 1921-ல் கிடைத்த காப்புரிமையும் நாட்டரை மேம்படுத்தியதற்குத்தான். நூறு வருடத்துக்கும் மேலாக அடிப்படை மாறாமல் ஓடுகிற பொருள் இது, உங்கள் வயலில் மட்டும் காரணமில்லாமல் தவறாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அவிழ்ந்த கட்டு விழுந்ததும் வண்டியை நிறுத்துங்கள். அந்தக் கயிற்றை உருவி எறிந்துவிடாதீர்கள், இரண்டு முனையையும் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டின் மேல் பக்கமாக ஓடிவருகிற முனை, தட்டில் பிடித்திருந்தது. அடியிலிருந்து கட்டின் முன்முகத்தில் ஏறி வருகிற முனை, ஊசி கொண்டுவந்தது. எது எதுவென்று குழம்பாமலிருக்க ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பது மாதிரிதான், பாதி விஷயம் இதிலேயே தெரிந்துவிடும்.

மேல் முனையில் மட்டும் ஒற்றை முடிச்சு இருந்து, அடியிலிருந்து வந்த முனை நேராக இருந்தால், ஊசிக் கயிறு தட்டுக்கோ மூக்குக்கோ போய்ச் சேரவில்லை. ஊசி வளைந்திருக்கலாம், அதன் போல்ட் தளர்ந்து பக்கவாட்டில் விலகியிருக்கலாம், கயிற்றை மூக்கின் மேல் தள்ளுகிற விரல் போன்ற பாகம் எட்டாமல் நிற்கலாம், பெட்டியில் இருக்கிற டென்ஷன் பிடி தளர்ந்து கயிறு தொளதொளவென்று வரலாம். இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. கயிறு விறைப்பாக வராவிட்டால் ஊசி சரியாக வந்தாலும் கயிறு தட்டின் வெட்டில் விழாது.

அதற்கு நேர்மாறாக, அடியிலிருந்து வந்த முனையில் முடிச்சு விழுந்து மேல் முனை வெறுமையாக இருந்தால், தட்டு அதைப் பிடித்து வைக்கவில்லை. கட்டு உருவாகும்போதே நழுவிப்போயிருக்கிறது. இங்கே முனை எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். நறுக்கென்று வெட்டிய மாதிரி இருந்து பக்கத்தில் நசுங்கின தடம் மட்டும் தெரிந்தால் பிடி தளர்வு, கயிறு உருவிக்கொண்டு போய்விட்டது. பஞ்சாகச் சிதைந்திருந்தால் பிடி இறுக்கம், தட்டே கயிற்றை நசுக்கி அறுத்திருக்கிறது. இரண்டிலும் கட்டு ஒரே மாதிரிதான் அவிழ்கிறது, வைத்தியம் மட்டும் நேரெதிர். உங்கள் மெக்கானிக் முனையைப் பார்க்காமல் இறுக்கிய போல்ட்டில் இதுவும் ஒன்றாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். தளர்ந்ததால் வந்த கோளாறு அவர் இறுக்கியதும் அறுக்கிற கோளாறாக மாறியிருந்தால், உங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. பிடி தளர்வு மாதிரித் தெரிந்தாலும் உடனே போல்ட்டைத் திருகாதீர்கள், தட்டுக்கும் பிடிக்கும் நடுவே பாருங்கள். வைக்கோல் தூசியும், சில நாட்டரில் ஒவ்வொரு முடிச்சுக்கும் வெட்டுப்படுகிற துண்டுக் கயிறும் அங்கே அடைத்துக்கொண்டு பிடியைத் தூக்கி நிறுத்தியிருக்கும். போல்ட் இறுக்கமாக இருக்கும், கயிற்றின் மேல் அழுத்தம் இருக்காது. குச்சியால் நோண்டி, காற்று அடித்தால் போதும்.

இரண்டு முனையிலும் முடிச்சே இல்லை, ஆனால் இரண்டும் சுருண்டு நெளிந்து முடிச்சுப் போட்டுப் பிரித்த மாதிரி இருந்தால், மூக்கு சுற்றியிருக்கிறது, கண்ணியும் விழுந்திருக்கிறது, நாக்குதான் முனைகளைக் கவ்வவில்லை. நாக்கை அழுத்துகிற ஸ்பிரிங் தளர்வு, அல்லது நாக்கும் அதன் சின்ன உருளையும் தேய்ந்துவிட்டன. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், அதோடு சேற்று மண்ணும் சேர்ந்து வரும், அரத்தால் தேய்ப்பது மாதிரி தேய்க்கும். ஊசிக் கண்ணில் கயிறு ஓடி ஓடிப் பள்ளம் விழுவதும் இதனால்தான்.

முடிச்சு சரியாக விழுந்து மூக்கிலேயே தொங்கிக்கொண்டு நின்று, அடுத்த கட்டு தள்ளும்போது அறுந்தால், நாக்கு மிக இறுக்கம் அல்லது துடைக்கும் கை சரியாகத் துடைக்கவில்லை. அந்தக் கை மூக்கின் முதுகை லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும், இடைவெளி விட்டுப் போனால் கண்ணி அப்படியே நிற்கும். அதை வளைத்துத்தான் சரி செய்வார்கள், ஏற்கெனவே செய்து பழகிய கையாக இருந்தால் மட்டும் விடுங்கள். கத்தி மழுங்கியிருந்தாலும் முனைகள் பிய்ந்து வரும், கத்தி விலை அதிகமில்லை, தீட்டவோ மாற்றவோ யோசிக்க வேண்டாம். முடிச்சு நன்றாக இருந்து அதன் பக்கத்தில் அறுந்தால், பெரும்பாலும் கட்டை அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள் அல்லது கயிறு பலமில்லை.

எதையும் திருகுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, செலவே இல்லை. இடது பக்கக் கயிற்று உருண்டையை வலது பக்கத்துக்கும் வலதை இடதுக்கும் மாற்றி முப்பது கட்டுப் போடுங்கள். கோளாறு வலது பக்கம் போய்விட்டால் குற்றம் கயிற்றில். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் கயிறு பார்க்கப் புதிதாக இருக்கும், கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஒரே உருண்டையில் ஓரிடம் தடிமனாகவும் ஓரிடம் மெலிந்தும் இருக்கிற கயிறு இன்னும் மோசம், தடித்த இடத்துக்கு வைத்த பிடி மெலிந்த இடத்தை விட்டுவிடும், ஐந்தில் ஒன்று தவறுவதற்கு இது நல்ல காரணம். கயிறு உருண்டையின் நடுவிலிருந்து வர வேண்டும். முதல் உருண்டையின் வெளி முனையை அடுத்ததன் உள் முனையோடு சின்ன முடிச்சாகப் போட்டு வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள், பெரிய முடிச்சு ஊசிக் கண்ணில் மாட்டும். கற்றாழை நாரில் செய்த சிசால் கயிறு ஒரு பக்கமும் பிளாஸ்டிக் ஒரு பக்கமும் போடாதீர்கள், பிளாஸ்டிக் வழுக்கும், அதற்கு வேண்டிய பிடி வேறு.

அடுத்து துரு. போன அறுவடைக்குப் பிறகு மெஷின் மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கும். மூக்கும் தட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால்தான் கயிறு வழுக்கிக்கொண்டு போகும். விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரிந்தால் மெல்லிய எமரித் தாளால் பளபளப்பாக்குங்கள், அரம் போட வேண்டாம், வடிவம் போய்விடும். வருட ஆரம்பத்தில் முதல் இருபது முப்பது கட்டு தவறி, அப்புறம் தானாகச் சரியாகிற மெஷின்களில் கயிறே துருவைத் தேய்த்து எடுக்கிறது என்று அர்த்தம். இந்த சம்பா முடிந்ததும் இரண்டு நாட்டரையும் சுத்தம் செய்து, மூக்கிலும் தட்டிலும் கிரீஸ் பூசி மூடி வையுங்கள், ஓட்டுவதற்கு முன் அந்தக் கிரீஸைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தூசி ஒட்டும்.

இதற்குப் பிறகும் தவறினால் கையால் ஓட்டிப் பாருங்கள். கட்டு அறையில் வைக்கோல் இருக்கட்டும், நாட்டரைத் தட்டிவிட்டு, ஃபிளைவீலை அது ஓடுகிற திசையிலேயே ஒருவர் மெதுவாகத் திருப்பட்டும், இன்னொருவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். திருப்புகிறவர் நிறுத்து என்றதும் நிறுத்துகிற ஆளாக இருக்க வேண்டும், பையன்களை விடாதீர்கள். இதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, ஒழுங்காக வேலை செய்கிற வலது நாட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஊசி எந்த இடத்தில் கயிற்றை வைக்கிறது, மூக்கு சுற்ற ஆரம்பிக்கும்போது தட்டு எங்கே நிற்கிறது, நாக்கு எவ்வளவு திறக்கிறது, துடைக்கும் கை எங்கே உரசுகிறது என்று வலதைப் பார்த்து இடதோடு ஒப்பிடுங்கள். செல்போனில் இரண்டையும் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. மூக்கைக் கையால் பிடித்து ஆட்டியும் பாருங்கள், வலதைவிட இடது அதிகம் ஆடினால் ஆட்டம் இல்லாமல் பிடிக்கிற புஷ்ஷும் ஷிம்மும் தேய்ந்திருக்கின்றன. அதையும் மாற்ற முடியும், முழு நாட்டர் தேவையில்லை.

திருகும்போது ஒரு நேரத்தில் ஒரு போல்ட், ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பிடி போல்ட்டை எட்டில் ஒரு சுற்றுத் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். திருப்புவதற்கு முன் போல்ட்டில் பெயிண்ட் புள்ளி வைத்துக்கொண்டால் சரிப்படாதபோது பழைய இடத்துக்கே திரும்பலாம். மெக்கானிக் எதை எவ்வளவு இறுக்கினார் என்று அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள், மறந்திருந்தால் வலது நாட்டரில் ஸ்பிரிங் எவ்வளவு நீளத்தில் அமுங்கியிருக்கிறது என்று அளந்து இடதையும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதுதான் உங்கள் தொடக்கப் புள்ளி.

என்னுடைய அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாசி மாதம் எங்கள் மெஷினில் வலது பக்கம் பத்துக்கு ஒன்று தவறியது. நான் மூக்கை மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், நாலு நாள் வேலை கெட்டது, வைக்கோல் வயலில் கிடக்க விவசாயி தண்ணீர் பாய்ச்ச முடியாமல் காத்திருந்தார், அந்த முகம் இன்னும் நினைவிருக்கிறது. கடைசியில் வந்த வயதான ஃபிட்டர் ஒருவர் நாட்டர் பக்கமே போகவில்லை, டார்ச்சை வாங்கிக்கொண்டு கட்டு அறைக்குள் பார்த்தார். வைக்கோலை அமுக்குகிற பிளஞ்சர் பின்வாங்கும்போது வைக்கோல் கூடவே திரும்பி வராமல் தடுக்க அறையின் சுவரில் ஸ்பிரிங் வைத்த கொக்கிகள் இருக்கும், வலது பக்கம் ஒன்றின் ஸ்பிரிங் உடைந்து கொக்கி செத்துக் கிடந்தது. அமுக்கிய வைக்கோல் அந்தப் பக்கம் மட்டும் எகிறித் திரும்பி, சரியாக முடிச்சு விழுகிற நேரத்தில் கயிற்றைத் தள்ளியும் இழுத்தும் கெடுத்துக்கொண்டிருந்தது. ஒரு சின்ன ஸ்பிரிங் போட்டதும் முடிந்தது. அதனால் உங்கள் இடது பக்கக் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். அப்படியே பிளஞ்சர் முகத்தில் ஊசி போகிற பள்ளத்தில் வைக்கோல் அடைத்திருக்கிறதா என்றும், பிளஞ்சர் கத்தி மழுங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், வெட்டுப்படாமல் இழுபட்டு வருகிற வைக்கோல் ஊசியின் வழியில் நிற்கும்.

ஓட்டுகிற விதமும் காரணமாகலாம். அறுவடை மெஷின் போட்ட வரிசையின் ஓரத்தைப் பிடித்தே ஓட்டினால் அறையின் ஒரு பக்கம் வைக்கோல் அடர்ந்தும் மறு பக்கம் லேசாகவும் சேரும், லேசான பக்கக் கயிறு தளர்ந்து நிற்கும், முடிச்சு தவறும். முழுசாக இருக்கிற கட்டுகளே ஒரு பக்கம் வளைந்து வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தை மாதப் பனியில் விடியற்காலையே இறங்காதீர்கள், ஈர வைக்கோல் கனத்துக் கயிற்றை இழுக்கும், கட்டும் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெயில் ஏறி, கையில் முறுக்கினால் சலசலக்கிற வைக்கோல்தான் கட்டுக்கு ஆகும். ரவுண்ட் பேலர் வைத்திருக்கிறவர்கள் சொல்கிற யோசனை இதற்குப் பொருந்தாது, அதில் முடிச்சே கிடையாது, கயிற்றைச் சுற்றி வெட்டிவிடும், அவ்வளவுதான்.

ஃபிளைவீலில் இருக்கிற ஷியர் போல்ட் அடிக்கடி வெட்டிக்கொள்கிறது என்று கடுமையான போல்ட் போட்டுவிடாதீர்கள். அது உடைவதற்கென்றே வைத்தது. அது உடையாவிட்டால் உடைவது ஊசியாகத்தான் இருக்கும். ஊசிகள் இறங்கி நிற்கும்போது துள்ளினாலோ முழுசாக இறங்காமல் பாதியில் நின்றாலோ நாட்டர் தண்டின் பிரேக்கைப் பாருங்கள், அதில் எண்ணெய் பட்டிருந்தால் துடையுங்கள். ஆனால் உங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் தவறுவதால் பிரேக் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது.

இன்னொரு வேண்டுகோள். அவிழ்ந்த கட்டுகளின் கயிற்றை வயலில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்த வைக்கோலை அப்படியே அள்ளி மாட்டுக்குப் போடுவார்கள், பிளாஸ்டிக் கயிறு வயிற்றுக்குள் போனால் செரிக்காது, சுருண்டு அடைத்துக்கொள்ளும். ஒரு சாக்கை டிராக்டரில் கட்டிவைத்துக்கொண்டு, தவறுகிற ஒவ்வொரு கட்டின் கயிற்றையும் அதில் போடுங்கள். நான் சொன்னபடி முனைகளைப் பார்க்கவும் அதுவே பயன்படும்.

இந்த வாரம் ஒரு துண்டு நிலத்தில் ஐம்பது கட்டு மட்டும் ஓட்டுங்கள். முதல் முப்பது கட்டுக்குக் கயிற்று உருண்டைகளைப் பக்கம் மாற்றிப் போடுங்கள், மீதிக் கட்டு பழையபடி. தவறிய ஒவ்வொன்றிலும் மேல் முனை எப்படி, அடிமுனை எப்படி, முடிச்சு எதில் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். வலது நாட்டரும் இடது நாட்டரும் கையால் ஓட்டிய வீடியோ இருந்தால் அதையும் அனுப்புங்கள். அதுவரை புது நாட்டருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.